உன் குரலுக்கு நீயே எழுது சீட்டுக்கவி

கீழவைப்பாரிலிருந்து பாடுகிற தங்கச்சி, தம்பி, உங்களிடம்தான் பேசுகிறேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'நீ' என்றே கூப்பிடுகிறேன்.

திருவிழாக் கொடியேற்றத்தன்று பாடற்குழுவில் முன்னால் நின்று பாடுகிறாய். கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் திணித்து "ஒரு பாட்டு எடுத்து விடு" என்கிறார்கள். போனில் சொந்தமாக நாலு பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வைத்திருக்கிறாய். யாராவது ஒருநாள் கேட்பார்கள், கேட்டால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாய். காத்திருந்தது போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் உன் குரலைத் தேடி வண்டியைத் திருப்பி ஊருக்குள் வரப்போவதில்லை. உன் குரலை நீதான் வெளியே அனுப்ப வேண்டும்.

அனுப்ப ஒரு வழி இருக்கிறது. இசைக்குழுக்காரர்கள் அதை இ.பி.கே. என்கிறார்கள்; எலக்ட்ரானிக் பிரஸ் கிட். நீ யார், என்ன பாடுகிறாய், உன் குரல் எப்படி, மேடைக்கு உனக்கு என்னென்ன வேண்டும், உன்னை எப்படித் தொடர்புகொள்வது என்பதையெல்லாம் ஒரே லிங்க்கில் அடக்கிய தொகுப்பு அது. பத்திரிகைக்காரர் திறந்தாலும், விழா நடத்துகிறவர் திறந்தாலும், ஐந்து நிமிடத்தில் உன்னைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும். அதற்கு மேனேஜர் வேண்டாம், கம்பெனி வேண்டாம், சென்னையில் ஆள் வேண்டாம். ஒரு போன் போதும். ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

"நம்மைப் பத்தி நாமே பெருமையா எழுதிக்கிறதா?" இதைத்தான் முதலில் கேட்பாய். பாடத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகளை இந்த ஒரு கேள்விதான் முடக்கிப் போட்டிருக்கிறது. அதனால் இதற்குச் சரியான பதில் சொல்லாமல் மேலே போக மாட்டேன்.

உன் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதி. 1919-இல் அவர் எட்டயபுரம் அரசருக்கு இரண்டு சீட்டுக்கவிகள் எழுதினார். புலவன் தன் தகுதியைத் தானே பாட்டில் எழுதி, தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, புரவலருக்கு அனுப்புவது சீட்டுக்கவி. தமிழில் அது நெடுங்கால வழக்கம். அதில் பாரதி கூசிக் குறுகவில்லை. தமிழ்நாட்டில் பெருங்கவிஞர் இல்லை என்ற பழி தன்னால் தீர்ந்தது என்று நேராகச் சொன்னார். அப்போது அவர் கையில் காசு இல்லை. புதுச்சேரி வாழ்க்கையும் சிறையும் முடிந்து கடையத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த காலம்.

அடுத்த ஆண்டு, 1920-இல், தன் நூல்களை வெளியிட ஒரு சுற்றறிக்கை அச்சிட்டார். 40 புத்தகங்கள், ஒவ்வொன்றும் 10,000 படிகள், முதல் செலவுக்கு 20,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் புத்தகங்கள் போகும் என்று உறுதி சொன்னார். நண்பர்களிடம் பணம் கேட்டார். 1921 செப்டம்பரில் அவர் கண்ணை மூடியபோது அந்தத் திட்டம் நிறைவேறியிருக்கவில்லை. அதனால் அவர் எழுதியது வீண் பெருமையாகிவிட்டதா? வீட்டுக்கு வீடு போகும் என்று அவர் சொன்னது பின்னால் உண்மையாயிற்று. 1949-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபோது, வீட்டுக்கு வீடு போகும் வழி திறந்துவிட்டது. தன் தரம் தனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னார். உனக்கு மட்டும் எதற்குக் கூச்சம்?

"அச்சு, பத்திரிகை, மீடியா எல்லாம் நம்ம கடற்கரை ஆளுகளுக்கு எதுக்கு?" என்று யாராவது சொன்னால் 1578-ஐ நினைத்துக்கொள். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகமான தம்பிரான் வணக்கம் அந்த ஆண்டு கொல்லத்தில் அச்சானது. அதைத் தந்த அன்றீக்கே அடிகளார் உழைத்தது இந்த முத்துக்குளித்துறையில். அவருடைய அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று எண்ணும் பழைய கடற்றுறைகளில் உன் ஊரும் ஒன்று. தமிழை அச்சேற்றியதில் பங்குள்ள கரை இது. அங்கே பிறந்த நீ ஒரு பி.டி.எஃப். போட அஞ்சலாமா?

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுதாமல், பதியாமல் விட்டால் என்ன ஆகும்?

உன் தாலுகா விளாத்திகுளம். அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்டு வாழ்ந்தவர் விளாத்திகுளம் சுவாமிகள். இயற்பெயர் நல்லப்பசாமி. 1889-இல் பிறந்தார், 1965-இல் மறைந்தார். ராக ஆலாபனையில் அவருக்கு ஈடு சொல்லத் தயங்குவார்கள். கரகரப்பிரியாவை அவர் பாடிக் கேட்டவர்கள் ஆயுசு முழுவதும் அதையே சொல்லி மாய்ந்தார்கள். இடைசெவல் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய சங்கீதத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள். இன்று நாம் சுவாமிகளை அறிவது பெரும்பாலும் கி.ரா. போன்றவர்கள் எழுதிவைத்த பக்கங்கள் வழியாகத்தான். அந்தக் கரகரப்பிரியாவைப் படிக்கிறோம். காதால் கேட்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவ்வளவு பெரிய வித்வானுக்கே இந்த நிலை என்றால், அடுத்த ஊர்க் கடற்கரையில் பாடும் உன் கதி என்ன? உன்னைப் பற்றி எழுத உன் தெருவில் ஒரு கி.ரா. பிறப்பார் என்று நம்பி உட்காராதே. சுவாமிகள் காலத்தில் குரலைப் பதிவது பெரிய காரியம். உன் காலத்தில் அது உன் பைக்குள் கிடக்கிறது.

சரி, எதை அனுப்புவது? இதற்கு உன் கடலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் (கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது) எடுத்த எடுப்பில் வள்ளங்களைக் கடலில் விட்டுவிட மாட்டார்கள். முதலில் கடலடியில் முத்துச்சிப்பி வளரும் பார்களைச் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு அள்ளி, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று தெரிந்த பிறகுதான் குளிப்பு நடக்கும் என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கண்டுதான் தூரதேசத்து வியாபாரிகள் பணத்தோடு கரைக்கு வந்து இறங்கினார்கள். மாதிரி பொய்யாக இருந்தால் அடுத்த முறை யார் வருவார்கள்? உன் கிட்டும் அந்த மாதிரிதான். உன்னிடம் இருப்பதை அள்ளிக் காட்ட வேண்டும். இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

மூன்று பாட்டுகள் போதும். முப்பது பாட்டு அனுப்பினால் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். முதல் பாட்டு உன் சொந்தப் பாட்டாக இருக்கட்டும். முதல் இருபது விநாடிக்குள் உன் குரல் வந்துவிட வேண்டும். நீளமான முன்னிசை வைத்துக் குரலை ஒளிக்காதே. கேட்கிறவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இரண்டாவது, இந்தக் கரையின் பாட்டு. வலை இழுக்கும்போதும் வள்ளம் தள்ளும்போதும் பெரியவர்கள் பாடிய அம்பாப் பாட்டு உன் வீட்டிலேயே யாருக்காவது நினைவிருக்கும். எஞ்சின் வந்த பிறகு வேலையோடு சேர்த்துப் பாடுவது குறைந்துபோனது. நீ பாடினால் சென்னையில் இருப்பவனுக்கும் டொராண்டோவில் இருப்பவளுக்கும் அது புதுசு. சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அம்பாப் பாட்டை அதன் மூச்சோடு பாட எத்தனை பேரால் முடியும்? மூன்றாவது, உன் குரலின் வேறொரு முகத்தைக் காட்டுவதாக இருக்கட்டும்: ஒரு தாலாட்டு, ஒரு கோபப் பாட்டு, எதுவானாலும் சரி.

பதிவுக்கு ஸ்டுடியோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு இருக்காதே. மெத்தை, போர்வை, துணிமணி நிறைந்த சின்ன அறை எதிரொலியை அடக்கும். ஃபேனை நிறுத்து. கரையில் நின்று பதிந்தால் காற்று மைக்கில் மோதிக் குரலைத் தின்றுவிடும். பின்னணியில் கடல் வேண்டுமானால் காற்று அடங்கிய அதிகாலையில் வள்ளத்தின் மறைவில் நின்று எடு.

வீடியோவும் ஒன்று கட்டாயம் வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெட்டாமல், ஒட்டாமல், ஒரே டேக்கில் நீ பாடுவது. ஆட்டோட்யூன் வேண்டாம். விழா நடத்துகிறவர் பார்க்க நினைப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை மேடையில் நேரடியாகப் பாடுமா? அந்தக் கேள்விக்கு உன் தொண்டையே பதில் சொல்லட்டும்.

பயோவுக்கு வருவோம். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். "சிறு வயது முதலே இசையின் மீது தீராத ஆர்வம் கொண்ட..." என்று தொடங்கினால் அந்த வரி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற வரி உனக்குரிய வரி இல்லை. அடித்துவிடு. இப்படி எழுது: "கீழவைப்பார். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஊர். அப்பா சங்கு குளிப்பவர். அம்மா பாடற்குழுவில் பாடுபவர். அம்பாப் பாட்டும் ஆலயப் பாட்டும் கேட்டு வளர்ந்த குரல். சொந்தமாக எழுதி மெட்டமைத்த நான்கு பாடல்கள். கிட்டாரும் பறையும் துணை." இதில் ஒரு பெருமைச் சொல்லாவது இருக்கிறதா? இருந்தும் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். உன் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தால் உப்பளம் என்றே எழுது. உன் தொழில், உன் தெரு, உன் கரை, இதில் எதையும் மறைக்காதே. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, யாரும் உன்னிடமிருந்து திருட முடியாத சொத்தே அதுதான். ஐம்பது சொல்லில் ஒன்று, நூற்றைம்பது சொல்லில் ஒன்று என்று இரண்டாக எழுது. பத்திரிகைக்காரருக்கு நேரம் இருக்காது. நீ எழுதியதையே எடுத்துப் போடுவார். அதனால் பிழையில்லாமல் எழுது. தமிழில் எழுதி முடித்தபின் இங்கிலீஷிலும் அரைப்பக்கம் சேர். உன் பள்ளி டீச்சரிடம் திருத்தச் சொல்லிக் கேள். சந்தோஷமாகச் செய்வார்.

போட்டோ இரண்டு: ஒன்று அகலவாக்கில், ஒன்று நெட்டுவாக்கில். காலை வெயிலில், முகம் தெளிவாக, எழுத்தும் ஃபில்டரும் இல்லாமல். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் தரம் குறைந்துபோயிருக்கும், அதைப் போடாதே. எடுத்த போனிலிருந்து ஒரிஜினலை வாங்கு. எடுத்தவர் பெயரையும் எழுது.

பெயர் எழுதுவது என்றதும் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உனக்கு மனப்பாடம். தீ என்ற பாடகியும் அறிவு என்ற பாடகரும் பாடி, அறிவு வரிகள் எழுதி, தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதற்குள் கொண்டுவந்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டைப்படத்தில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவை வைத்து இன்னொரு அட்டை வந்தது. அடுத்த ஆண்டு, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தபோது, அந்தப் பாட்டில் தன் உழைப்பு என்ன என்று அறிவு தானே எழுதி வெளியிட்டார். பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. உலகமே பாடிய பாட்டுக்கே பெயர்ச் சண்டை வருகிறது என்பதை மட்டும் பார். உன் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுது: வரிகள் யார், மெட்டு யார், பாடியவர் யார், கிட்டார் யார், பதிவு யார், எந்த மாதம், எந்த ஆண்டு. அம்பாப் பாட்டு என்றால் எந்தத் தாத்தாவிடம் கற்றாய் என்பதை எழுது. உன் பெயர் விடுபட்டால் உனக்கு எவ்வளவு வலிக்கும்? அந்தத் தாத்தாவுக்கும் அப்படித்தான்.

மேடைக் குறிப்பு ஒரு பக்கம் போதும். எத்தனை பேர் வருகிறீர்கள், யார் எங்கே நிற்பது, எத்தனை மைக், கிட்டாரை மிக்ஸரோடு இணைக்க டி.ஐ. பாக்ஸ் வேண்டுமா, மானிட்டர் எத்தனை, சவுண்ட் செக்குக்கு எவ்வளவு நேரம். இதைப் பார்த்ததும் சவுண்ட் சர்வீஸ்காரர் உன்னை மதிப்பார். வேலை தெரிந்த பிள்ளை என்று புரிந்துகொள்வார்.

பத்திரிகையில் வந்த செய்தி இருந்தால் வை. இல்லையா? அந்த இடத்தைக் காலியாக விடு. பொய்யான பாராட்டு, காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர் எண்ணிக்கை இரண்டையும் தொடாதே. நீ நிஜமாகவே சம்பாதிக்கக் கூடிய சான்றுகள் இருக்கின்றன. அகில இந்திய வானொலி குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுக்கிறது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் இருக்கின்றன, அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடு. மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. அந்த விண்ணப்பத்துக்குக் கேட்கும் சான்றுகளைத் தேடி அலைய வேண்டாம், உன் கிட்டிலேயே இருக்கும்.

தங்கச்சி, உனக்குத் தனியாக இரண்டு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மேடை" என்கிற குரல் வரும். ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானாவுக்குள் நுழைந்து பாடினார் ராயபுரத்து இசைவாணி. 2020-இல் பிபிசியின் உலகப் பெண்கள் 100 பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் பாடு. ஆனால் கிட்டில் வீட்டு விலாசத்தைப் போடாதே. நிகழ்ச்சிகளுக்கென்று தனி மின்னஞ்சலும் தனி எண்ணும் வைத்துக்கொள். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. கதவை எப்போது திறப்பது என்பது உன் கையில் இருக்கட்டும் என்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போடு. பி.டி.எஃப். கோப்புக்கு உன் பெயரையே வை. 'ஃபைனல் நியூ 2' என்று வைத்தால் யார் தேடி எடுப்பது? லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்று. மாற்றிவிட்டு வேறொரு போனில் திறந்து பார். திறக்கிறவரிடம் அது அனுமதி கேட்டால், உன் உழைப்பு முழுதும் அந்த இடத்திலேயே செத்துவிடும். யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள்.

பிறகு அனுப்பு. மார்கழியில் மக்களிசை 2020 முதல் நாட்டுப்புறப் பாடகர்களையும் கானா, ஒப்பாரிக் கலைஞர்களையும் மேடையேற்றி வருகிறது. பொங்கல் நாட்களில் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' நடக்கிறது. கல்லூரி விழாக்கள் இருக்கின்றன. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களும் ஒவ்வோர் ஆண்டும் பாடகர்களை அழைக்கின்றன. நாளிதழ்களின் தூத்துக்குடி நிருபர்களை மறந்துவிடாதே, அவர்கள்தான் உனக்கு மிகப் பக்கம். ஒரே கடிதத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடாதே. யாருக்கு எழுதுகிறாயோ அவர்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, அங்கே உன் பாட்டு ஏன் பொருந்தும் என்று ஐந்து வரியில் எழுது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டு. அதற்கும் வராவிட்டால் புதுப் பாட்டு வந்ததும் மறுபடி அனுப்பு. முதலில் கிடைக்கும் மௌனத்தை உன் குரலுக்கு விழுந்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் திறக்காமலே கூட இருந்திருக்கலாம்.

ஒருநாள் போன் வரும். "பாட வர்றீங்களா?" என்பார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு வாங்குவீங்க?" அங்கே வாயடைத்து நிற்காதே. "நீங்க பார்த்துக் கொடுங்க" என்று ஒருக்காலும் சொல்லாதே. வண்டிச் செலவு, சாப்பாடு, உன்னோடு வாசிக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியது, உன் உழைப்பு எல்லாவற்றையும் முன்பே கூட்டி வைத்துக்கொண்டு தொகையைச் சொல். முன்பணம் கேள். மேடையில் பாடுவதைப் பதிந்து வெளியிடுவார்களா, அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்று கேள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படி, விவரம் தெரிந்தவரிடம் காட்டு. பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை எழுதி வாங்கிப் பறித்துவிட முடியாதபடி 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்க 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. வரியும் மெட்டும் உன்னுடையதென்றால் நீயும் அதில் சேரலாம். சேர்ந்துவிடு. நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே அந்த மேடையின் பெயரையும் தேதியையும் உன் கிட்டில் ஏற்று, பழைய வீடியோவை எடுத்துவிட்டு அன்று பாடியதைப் போடு, அடுத்த ஊருக்கு அனுப்பு.